சீப்ரானோ பட்டை: கன்சோல் முடிந்தது, கதவு பாக்கி

முன்சீட்டுகளுக்கு நடுவே, கியரைச் சுற்றியிருக்கும் கன்சோலின் சீப்ரானோ (வரிக்குதிரைபோல் கோடு ஓடும் மரம்) பட்டை ஒருவழியாக முடிந்துவிட்டது. பெருமைக்காக எழுதவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். வண்டி, கீழக்கரைக் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவருடைய பழைய டபிள்யூ 124 பென்ஸ். புனேயில் 1995-ல் அசெம்பிள் செய்யத் தொடங்கினார்களே, அந்த வரிசை. இன்ஜின், ஏசி எல்லாம் மெக்கானிக் பாடு. என் பங்கு உள்ளே இருக்கும் மரம் மட்டும்.

"எல்லாம் கம்பெனி மரம் தம்பி, கை வைச்சுப் பாருங்க, தெரியும்" என்றுதான் காக்கா சாவியைக் கொடுத்தார். கை வைத்தால் ஒன்றும் தெரியாது. பளபளப்பாக இருக்கும் எந்த அலங்காரப் பட்டையிலும் விரலில் படுவது மேல்பூச்சுதான், அதாவது பிளாஸ்டிக். நிஜ மரம் என்று விற்கப்படுவதும் அரை மில்லிமீட்டர் அளவுள்ள வெனீர், அதாவது மரத்தை மெல்லிசாகச் சீவி எடுத்த தகடு. அதற்கு மேல் வெனீரைவிடத் தடித்த பூச்சு. லெக்ஸஸுக்கு மரப் பாகங்கள் செய்துகொடுத்தது பியானோ செய்யும் யமஹா என்பதில் ஆச்சரியமே இல்லை. இந்த வேலையில் பாதி மரவேலை, பாதி மெருகு வேலை.

நிஜமா பிரிண்ட்டா என்பது வெளிச்சத்தில்தான் தெரியும். செல்போன் டார்ச்சைப் பட்டைக்குப் படுக்கையாகப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினால், நிஜ மரத்தில் வெளிறிய கோடு கருக்கும், கருத்த கோடு மின்னும். பிரிண்ட்டில் எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரே கோடு, ஒரே நிறம். இன்னும் சந்தேகம் இருந்தால் கல் வியாபாரிகள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும், மைப்புள்ளிகள் தெரிந்துவிடும். கீழக்கரையில் அந்த லென்ஸை இரவல் வாங்குவது பெரிய காரியமில்லை. முத்தும் கல்லும் பார்த்த ஊர்.

அப்படிப் பார்த்ததில் கன்சோலும் டேஷ்போர்டுப் பட்டையும் நிஜ சீப்ரானோ. இடது பின்கதவுப் பட்டை மட்டும் பிரிண்ட். எப்போதோ யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பிவிஏ என்ற, தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக் படலத்தில் கோடுகளை அச்சிட்டு, அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, மேலே ஆக்டிவேட்டர் என்ற கரைப்பான் அடித்து இளக்கி, பாகத்தை முக்கி எடுப்பார்களே, அந்த வகை. முனையில் கோடு அறுபடாமல் வளைந்து பின்பக்கம் வரை போகிறது. எந்த மரமும் அப்படி வளையாது.

பிரிண்ட்டை நான் இளக்காரம் செய்ய மாட்டேன். ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயர் என்ற அமெரிக்க வேகன் 1950-ல், வெளிப்பக்கத்தில் நிஜ மரத்தோடு வந்து, சில வருடத்திலேயே மரம்போல அச்சிட்ட படலத்துக்கு மாறியது. பராமரிக்க முடியவில்லை, அவ்வளவுதான். நம் கடற்கரையிலும் அதே கதை. அந்த போலிக் கதவுப் பட்டையில் ஒரு வெடிப்புக்கூட இல்லை, கொஞ்சம் வெளுத்திருக்கிறது. நிஜ மரம்தான் நார்வாக்கில் மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது. காற்றின் ஈரத்துக்கு மரம் உப்பும், மூடிய வண்டிக்குள் வெயிலில் சுருங்கும். மேலே இருக்கும் பூச்சு அசைந்து கொடுக்காது, அதனால் வெடிக்கிறது.

இனி முக்கியமான விஷயம்: பழைய பூச்சைக் கழற்றுவது. இதில்தான் எல்லோருடைய வெனீரும் போகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், பூச்சு தீர்ந்து மரம் வருகிற அந்த நொடியைக் கை உணராது. அடுத்த இழுப்பில் அடியிலிருக்கும் வேறு மரம் எட்டிப் பார்க்கும். ஹீட் கன்னும் எனக்குச் சரிப்படவில்லை. பூச்சு இளகும் சூட்டில் வெனீரின் பசையும் இளகுகிறது. ஓரத்தில் ஏற்கெனவே உரிந்துகொண்டிருந்த இடத்தில் மட்டும் லேசாகக் காட்டினேன்.

கைகொடுத்தது கண்ணாடிச் சில்லு. ஏர்வாடிப் பக்கம் ஓர் ஆசாரி, பழைய தேக்குக் கதவில் பாலிஷ் சுரண்டுவதற்கு இதைத்தான் வைத்திருக்கிறார். ஜன்னல் கண்ணாடியைக் கட்டரால் கீறி உடைத்தால் கிடைக்கும் புது விளிம்பு எந்த ஸ்கிரேப்பரையும்விடக் கூர்மை. உடைத்த பக்கம்தான் வேண்டும், கட்டர் கீறிய பக்கம் பிசிறடிக்கும். சில்லைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து நம் பக்கமாக இழுத்தால் பூச்சு மீன் செதிள்போலப் பெயர்ந்து வரும். விளிம்பு மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தது. கைக்குக் கனமான துணிக்கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, இதில் சமரசம் கிடையாது.

தூள் வெள்ளையாக வரும்வரை அது பூச்சு. லேசாகப் பழுப்பு கலந்ததும் நிறுத்திவிட வேண்டும். சீப்ரானோவுக்கு இன்னொரு குணம் உண்டு. நார் நேராக ஓடாது, பின்னிப் பின்னி ஓடும். கோட்டின் போக்கிலேயே நேராக இழுத்தால் சில இடத்தில் வழுவழுப்பாக வரும், பக்கத்திலேயே செதில் பெயரும். கோட்டுக்குக் குறுக்குச் சாய்வாக இழுத்தால் பெயர்வதில்லை. இதை ஆசாரியிடம் சொன்னபோது, "வேம்பும் இப்படித்தாண்ணே படுத்தும்" என்றார். கடைசியில் 240 உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி லேசாக ஒரு ஓட்டு. அவ்வளவுதான், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

பூச்சுக்கு டூ-கே பியூ, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன். இதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட், ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடைக் கக்கும். அதுதான் காய்ந்தபின் ஊசிக்குத்துப் புள்ளிகளாகத் தெரிவது. வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் ஊரில் ஸ்ப்ரே துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் ஈரம் குறைவு, ஆனால் புழுதி. புழுதி அடங்கத் தரையில் தண்ணீர் தெளிப்பது பெயிண்டர் வழக்கம், தெளித்தால் மறுபடியும் ஈரம்! தார்ப்பாயில் கூடாரம் கட்டி, ஈரப்பதமானி 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் நடுப்பகலில்தான் அடித்தேன். கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் தண்ணீரை ஒவ்வொரு முறையும் திறந்துவிட வேண்டும். துணி முகமூடி இந்தப் பூச்சுக்குப் போதாது, நுரையீரலோடு விளையாட வேண்டாம். நன்றாகக் காய்ந்தபின் 1000, 1500, 2000 நம்பர் உப்புத்தாள் என்று தண்ணீர் போட்டுத் தேய்த்து, கடைசியில் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசை. ஒரு புள்ளி இல்லை. டார்ச்சைப் பிடித்தால் கோடுகள் புரண்டு படுக்கின்றன.

கதவுப் பட்டைக்கு வெனீர் தேடித்தான் கடுப்பு. மதுரையில் ஒரு கடையில் "ஒரிஜினல் சீப்ரானோ" என்று கொடுத்தது ரீகான். வளர்ப்பு மரத்தைச் சீவி, சாயம் ஏற்றி, அடுக்கி ஒட்டி, மறுபடி சீவி எடுத்தது. மரம்தான், பொய் சொல்ல முடியாது. ஆனால் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் இருக்கின்றன, டார்ச்சுக்கு அசைவதே இல்லை. பிரிண்ட்டாவது தன்னை மரம் என்று பில் போட்டு விற்பதில்லை. நிஜ சீப்ரானோ காபோன், கேமரூன் காட்டு மரம். அருகிவரும் மரங்களின் பட்டியலில் இருக்கிறது. அதனால் பழைய வண்டி உடைக்கும் இடங்களில்தான் தேட வேண்டும்.

இதற்கு நடுவே பூவரசில் கை வைத்துவிட்டேன். வைரம் பாய்ந்த பூவரசை மெருகேற்றினால் சாக்லேட் நிறத்தில் ஒளி புரளும். நம் ஊர் வாகை மரத்தை வெளிநாட்டு வியாபாரத்தில் ஈஸ்ட் இந்தியன் வால்நட் என்றே விற்கிறார்கள், அதையும் விடுவதாக இல்லை. முதலில் பூவரசில் கியர் குமிழ் ஒன்று, பூச்சு இல்லாமல், எண்ணெய் மட்டும். கை வியர்வை எப்படி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். கட்டையை அறுத்து, வெடிக்காமல் இருக்க இரண்டு முனையிலும் மெழுகு தடவி நிழலில் போட்டிருக்கிறேன். நான்கு கதவையும் பூவரசிலேயே போட்டுவிடலாமா என்று கேட்டேன். "பென்ஸுல பூவரசா?" என்று காக்கா சிரிக்கிறார். குமிழ் முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்கிறேன்.