பாஸ்போர்ட் கேட்காத இடம்

வேலைக்காகக் கோலாலம்பூர் வந்து இறங்கும் நம்மாட்கள் முதல் வாரத்தில் தேடுவது பொன்னி அரிசி, பக்கத்தில் ஒரு கோயில், ஊருக்குப் பணம் அனுப்பும் கடை. தமிழர்கள் அதிகம் புழங்கும் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இவை மூன்றும் நடக்கிற தூரத்திலேயே கிடைத்துவிட்டன. எனக்கு நாலாவதாக ஒன்று வேண்டியிருந்தது. சென்னையில் குடியை விட்ட பிறகு வாராவாரம் போய்க்கொண்டிருந்த ஏ.ஏ. கூட்டம், அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்: குடியை விட நினைப்பவர்களும் விட்டவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, தங்கள் கதையைச் சொல்லி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டம். அரிசிக்கடை எங்கே என்று யாரிடமும் கேட்கலாம். இதைக் கேட்டால் மறுநாள் ஆபீஸ் முழுக்கப் பரவிவிடும்.

அதான் விட்டாச்சே, இன்னும் எதற்குக் கூட்டம் என்று என் மாமனாரே கேட்டார். ஊரில் குடிக்க வேண்டுமானால் டாஸ்மாக்குக்குப் போக வேண்டும். பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுவார்கள், போகிற வழியில் தெரிந்தவன் எவனாவது பார்ப்பான். இங்கே அடுக்குமாடிக்குக் கீழே இருக்கிற கடையில் பால் வாங்கப் போனால், அடுத்த கண்ணாடிக் கதவுக்குள் பியர் அடுக்கியிருக்கிறது. பார்க்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மனைவி திருச்சியில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் பையன்கள் பார்கள் வரிசையாக இருக்கிற சங்காட் புக்கிட் பிந்தாங் தெருப் பக்கம் கிளம்பும்போது, "நீங்க ஜூஸ் குடிங்க, சும்மா வாங்க" என்று கூப்பிடுவார்கள். நல்ல பிள்ளைகள்தான். போகாமல் இருக்க என்ன காரணம் சொல்வது என்று வியாழக்கிழமையே யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

கொஞ்ச நாள் சென்னைக் கூட்டத்திலேயே போன் வழியாக உட்கார்ந்தேன். அங்கே இரவு 7 மணி என்றால் இங்கே ஒன்பதரை. தமிழில் கேட்க இதமாக இருந்தது. ஆனால் முடிந்ததும் மறுபடி நானும் நாலு சுவரும்தான். கூட்டத்தின் பாதிப் பலன், கலைந்த பிறகு வாசலில் நின்று பேசுவதில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மலேசியாவில் கூட்டங்கள் நடப்பதும், கூப்பிட ஒரு எண் இருப்பதும் தேடியவுடன் தெரிந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை. நான் வேலை பெர்மிட்டில் இருப்பவன். சிம் கார்டுக்குப் பாஸ்போர்ட், வாடகை அறைக்குப் பாஸ்போர்ட், வங்கிக் கணக்குக்குப் பாஸ்போர்ட்டோடு கம்பெனிக் கடிதமும். குடிநோயாளி என்று எங்காவது எழுதி வைத்துவிட்டால், பெர்மிட் புதுப்பிக்கும்போது அது வந்து நிற்குமோ? ஏ.ஏ. எப்படி நடக்கும் என்று தெரிந்த எனக்கே இந்தப் பயம் என்றால், புதிதாக வருகிறவனை நினைத்துப் பாருங்கள். கடைசியில் ஒருநாள் கூப்பிட்டேன். எடுத்தவர் என் பெயரை மட்டும் கேட்டார். யாரும் வரக்கூடிய கூட்டம் எது, குடிநோயாளிகளுக்கு மட்டுமானது எது என்று சொல்லிவிட்டு, வாசலில் ஆள் நிற்பார் என்றார்.

ஒரு சர்ச்சின் பின்பக்க அறை. சர்ச்சுக்கும் கூட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை, இடம் மட்டும்தான் அவர்களுடையது. கேட்டில் நின்ற நேபாளி செக்யூரிட்டியைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் பாஸ்போர்ட்டைத் தேடினேன். அவர் உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். உள்ளேயும் பதிவேடு கிடையாது, கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் உட்கார்ந்து பேசியதில் தொடங்கிய சங்கதி இது. இங்கே சீனர்கள், ஒரு சர்தார்ஜி, வெள்ளைக்காரர்கள், சில பெண்கள் எல்லாரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கிடுவதில்லை, புத்திமதி சொல்வதில்லை. நடுவில் ஒரு பை சுற்றி வந்தது. இஷ்டப்பட்டால் காசு போடலாம். அறைச் செலவு, காபிச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை.

என் முறை வந்தது. என்னுடையது ஆபீஸ் ஆங்கிலம். எக்ஸெல் ஷீட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன், அம்மாவின் வளையலை அடகு வைத்ததைப் பற்றி அதில் பேச வரவில்லை. பெயரையும் குடிநோயாளி என்பதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கலைந்ததும் மூலையில் இருந்த பெரியவர் ஒருவர் வந்தார். "தம்பிக்கு எந்த ஊரு?"

"திருச்சிங்கண்ணே."

"வாங்க, தே குடிப்போம்."

தே என்பது இந்த ஊர்ப் பேச்சில் டீ. எதிரே மாமாக் கடை. இந்திய முஸ்லிம்கள் நடத்துவதால் மது கிடையாது, ராத்திரி எந்நேரமும் திறந்திருக்கும், ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் விரட்டமாட்டார்கள். குடியை விட்டவனுக்கு என்று யாரோ யோசித்துக் கட்டிய ஊர் போல இருந்தது. அண்ணன் பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். முதலில் கள்ளு, அப்புறம் சம்சு. சின்ன பாட்டிலில், குறைந்த விலையில் வருகிற கடுஞ்சரக்கு. தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றை அழித்த சரக்கு அது. அவர் சொல்லச் சொல்ல, வளையல் கதை எனக்குத் தமிழில் தானாக வந்துவிட்டது.

பிறகு, நான் தங்கியிருக்கும் இடத்தில் பக்கத்து அறைக்கு வந்த ஒரு பையன், நான் குடிக்காததையும் கூட்டத்துக்குப் போவதையும் கவனித்துவிட்டு, "நாளையிலிருந்து அடியோட நிறுத்திடறேண்ணே" என்றான். தினமும் நிறையக் குடிக்கிறவன். இப்படிப்பட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது, வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் டாக்டர், கூட்டம் அதற்கப்புறம் என்று கிளினிக்குக் கூட்டிப்போனேன். இப்போது எங்களோடு வருகிறான், ஆனால் ஆங்கிலத்தில் நடப்பது பாதி புரிவதில்லை.

குடிக்காமல் இருப்பதற்காக இரண்டு மூன்று குடிநோயாளிகள் சேர்ந்தால் அதுவே ஒரு குழு என்பது ஏ.ஏ. மரபு. தமிழில் ஒன்று தொடங்கினால் என்ன என்று அண்ணனிடம் கேட்டேன். இடத்தில்தான் அண்ணனோடு சண்டை. அவர் சொல்லும் செந்தூல், இதே கோலாலம்பூரில் இன்னொரு பகுதி.

"பிரிக்பீல்ட்ஸ்ல வச்சா ஒருத்தனும் வரமாட்டான். பூக்கடையிலேருந்து எல்லாரும் பார்ப்பாங்க. செந்தூல்ல வைப்போம்."

"செந்தூல்ல மட்டும் பார்க்கமாட்டாங்களாண்ணே?"

"பார்க்கட்டும்லா. நான் குடிச்சு விழுந்ததும் அங்கதான். அவங்களுக்குத் தெரியாததா?"

அவர் அங்கே அறை வாடகை விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் ஓவர்டைம் இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று பையனிடம் கேட்டிருக்கிறேன்.