முழங்கையில் ஒரு பிடி

போன சனிக்கிழமை மகள் காரில் வந்து ஏறினபோது விசிலின் கயிறு விரல்களில் இறுகச் சுற்றியிருந்தது. நுனி விரல்கள் சிவந்துபோயிருந்தன. "என்னம்மா?" என்று கேட்டேன். வீட்டு வாசல் வரைக்கும் பதில் இல்லை.

அவளுக்கு 15 வயது. மெல்பேர்னில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள மைதானத்தில் சின்னப் பிள்ளைகளின் ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்கிறாள். அன்றைக்கு ஒரு ஃப்ரீ கிக் கொடுத்ததற்காக ஒரு பெடியன் அவளுடைய முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பியிருக்கிறான். "அடிக்கேல்லை அப்பா, பிடிச்சவன்" என்றாள். கோச் ஓடிவந்து, நல்ல பிள்ளை, ஏதோ கோபத்தில் செய்துவிட்டான் என்று சமாளிக்க, விஷயம் எழுத்தில் ஏறவில்லை. அந்தப் பெடியன்தான் அவர்களின் நட்சத்திர ஆட்டக்காரன். இரண்டு கிழமைக்கு முன் அதே மைதானத்தில், பெரிதாக விளையாடவே கிடைக்காத இன்னொரு பெடியன் அம்பயரைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னதற்கு ஒரு ஆட்டம் வெளியே இருந்தான். இது எனக்குப் பொறுக்கவில்லை.

பெரியவர்களின் ஆட்டத்திலும், ஏ.எஃப்.எல். என்ற தேசிய லீக்கிலும், இதே கோணல் இருக்கிறது. 2018இல் ஜீலோங் அணியின் டொம் ஹோக்கின்ஸ் ஒரு அம்பயரின் கையைத் தட்டிவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஒரு ஆட்டம் தடை. அடுத்த கிழமையே கார்ல்டன் அணியின் சார்லி கர்னோ, எட் கர்னோ சகோதரர்கள் அதே குற்றச்சாட்டில் ட்ரிபியூனலுக்கு, அதாவது லீக்கின் விசாரணைக் குழுவுக்கு, போனார்கள். வேண்டுமென்று தொடவில்லை, கவனக்குறைவுதான் என்று ட்ரிபியூனல் குறைத்து, ஆளுக்கு 1000 டொலர் தண்டம் விதித்தது. லீக்கே அதை ஏற்காமல் மேன்முறையீட்டுக்குப் போனது. ஒப்புக்கொண்டவர் வெளியே இருக்க, வாதாடினவர்கள் தண்டக் காசோடு தப்பலாம் என்றால் பிள்ளைகள் எதைப் படிப்பார்கள்?

2021 இறுதிச்சுற்றில், டாஸ்மேனியாவின் லோன்செஸ்டனில், ஜி.டபிள்யூ.எஸ். அணியின் டோபி கிரீன் மூன்றாம் குவாட்டர் முடிந்த இடைவேளையில் அம்பயர் மாட் ஸ்டெவிச்சிடம் பேசிக்கொண்டே நடந்துபோய் அவரில் உரசினார். ட்ரிபியூனல் 3 ஆட்டம் என்றது. லீக் மேன்முறையீடு செய்ய அது 6 ஆனது. 6 மிக அதிகம் என்று சொன்ன நண்பர்களோடு நான் சண்டை பிடித்தேன். சரியான தண்டனை அது. பிழை எதுவென்றால், ஒரே வீடியோவைப் பார்த்து ஒருவருக்கு 3, இன்னொருவருக்கு 6 என்று படுவதுதான். 1997இல் அம்பயரைத் தள்ளிய கார்ல்டன் ஆட்டக்காரர் கிரெக் வில்லியம்ஸுக்கு 9 ஆட்டம் கொடுத்தார்கள். அவர் நீதிமன்றம் வரை போனார்.

நடுவட்டத்தில் பந்தை மேலே எறிந்துவிட்டுப் பின்னால் ஓடும் அம்பயரோடு தெரியாமல் மோதுவது வேறு. அதற்காக யாரையும் உட்கார வைக்கச் சொல்லவில்லை. ஆனால் கோபத்தோடு கை நீண்டால், ஆள் யார், எந்த ஆட்டம், மனதில் என்ன இருந்தது என்று துருவாமல், அம்பயரின் உடம்புக்கு என்ன நடந்தது என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

ஞாயிறு இரவு உள்ளூர் லீக்குக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். அனுப்ப முன் மகளிடம் காட்டினேன். "தொட்டான்" என்று நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"தொடேல்லை அப்பா. பிடிச்சுத் திருப்பினவன். அப்பிடியே எழுதுங்கோ."