சோலோ உறையும் யோக்யா உறையும்

ஜாவாவின் குத்துவாளான கெரிஸ் என்றாலே எல்லாரும் அதன் நெளிந்த அலகைத்தான் பேசுவார்கள், எனக்கோ உறை மேல்தான் கொள்ளை ஆசை. 1755இல் கியாந்தி ஒப்பந்தம் ஜாவாவின் மாதரம் அரசை சோலோ (சுரகார்த்தா), யோக்யா (யோக்யகார்த்தா) என இரண்டாகப் பிரித்தது. அப்புறம் இரண்டு அரண்மனைகளும் உடை, நடனம், கெரிஸ் என்று எல்லாவற்றிலும் தனித்தனிப் பாணியை வளர்த்துக்கொண்டன.

உறையின் மேல்பகுதி மரத்தில் படகு மாதிரி அகன்றிருக்கும். சடங்குகளுக்கு உரிய வடிவம் சோலோவில் லட்ராங், முனை தாராளமாக வளைந்து எழும். யோக்யாவில் அதே இடத்தில் பிராங்கா, கொஞ்சம் சிறியது, அடக்கமானது. அன்றாடத்துக்கு இரண்டு ஊரிலும் முனைகள் உருண்ட காயாமான்தான்.

பிடியும் சோலோவில் பருமன், யோக்யாவில் ஒல்லி. அதன் உட்பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டே இரண்டு நுணுக்கமான செதுக்கல்கள் இருக்கும், மற்ற இடமெல்லாம் வழவழப்பு. கீழ் உறையை மூடும் உலோகக் குழாய்க்கு பெண்டோக் என்று பெயர். சிலவற்றில் முன்பக்கம் நீளவாக்கில் திறந்திருக்கும், உள்ளே மரத்தின் ரேகை தெரியும். திமோஹோ மரமாக இருந்தால் கருந்திட்டுகளோடு அத்தனை அழகு! என்னைக் கேட்டால், யோக்யாவின் அடக்கம்தான் ஒரு படி மேல்.