சாய் பல்லவியும் கடைக் கண்ணாடியும்

டிசம்பர் 8, 2024, ஞாயிறு

தம்பி கொழும்பிலிருந்து வந்திருக்கிறான். சாய் பல்லவி நடித்த 'அமரன்' படம் வியாழக்கிழமைதான் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. தீபாவளிக்கே தியேட்டரில் பார்த்துவிட்டவன், "அக்கா, நீங்க அழப்போறீங்க" என்று சொல்லிக்கொண்டே போனில் போட்டுவிட்டான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் லயத்துக் காம்பராவில் அம்மாயி, நான், தம்பி மூவருக்கும் ஒரே கம்பளி.

சண்டை வந்தபோதெல்லாம் அடுப்பைப் பார்க்க எழுந்து போனேன். மேஜரின் மனைவி இந்துவாக சாய் பல்லவி வந்தால் ஓடி வந்தேன். மலையாள வாடை அடிக்கும் அந்தத் தமிழை வேறு யார் பேசியிருந்தாலும் வேஷமாகத் தெரிந்திருக்கும். டெல்லியில், சண்டையில் இறந்துபோன கணவருக்கான அசோக சக்ரா விருதை வாங்கும்போது, அழுகையை அப்படியே விழுங்கிக்கொண்டு நிற்கிறார். அழுதது நான்தான். தம்பிக்கு ஒரே சிரிப்பு.

டிசம்பர் 10, செவ்வாய்

எனக்கு ஏன் சாய் பல்லவியை இவ்வளவு பிடிக்கிறது என்று கடையில் கூட வேலை செய்யும் பிள்ளை கேட்டாள். பதில் கண்ணாடிக்குள் இருக்கிறது என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

ஹட்டனில் ஃபேன்சிக் கடையில் நிற்கிறேன். வளையல், கிளிப், ரிப்பன், அப்புறம் கிரீம். முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம்தான் அதிகம் ஓடுகிறது. பதினாறு வயதில் நானும் பூசினேன். பேர்கூடச் சரியாக ஒட்டாத டப்பி அது. ஒரு மாதத்தில் கன்னம் பளபளத்தது. இரண்டாம் மாதம் வெயில் பட்டாலே எரிந்தது. தோல் உரிந்து, சுற்றிலும் கறுப்பாகத் திட்டு விழுந்தது. பள்ளிக்கூடத்துக்குத் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு போனேன்.

அந்த நாட்களில்தான் 'பிரேமம்' பார்த்தேன். 2015இல் வந்த மலையாளப் படம். மலர் டீச்சர் தமிழ் பேசினார், அது ஒரு சந்தோஷம். அதைவிட, கன்னத்துப் பருக்கள் அப்படியே தெரிந்தன! கேமரா கிட்டப் போகப் போக இன்னும் தெரிந்தன. கதாநாயகிக்குப் பரு வரும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. படத்தை நிறுத்தி வைத்து அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2019இல் வெளுப்பு கிரீம் விளம்பரம் ஒன்றை மறுத்துவிட்டதை அவரே பேட்டியில் சொன்னார். 2 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. நான் அதே கிரீம்களை அடுக்கி வைத்துச் சம்பளம் வாங்குகிறேன். சரி, அது என் கணக்கு.

டிசம்பர் 14, சனி, போயா (பௌர்ணமி)

சிவனொளிபாத மலைக்கு இன்று யாத்திரை சீசன் தொடங்கிவிட்டது. காலையிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம். கம்பளித் தொப்பி தீர்ந்து போனது. கால் வலிக்கிறது. படமும் இல்லை, ஒன்றும் இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

அம்மாயி 'ரவுடி பேபி'யை மறுபடி போடச் சொன்னார். இது எத்தனையாவது தடவையோ. பிரபுதேவா ஆட்டம் அமைத்த பாட்டு. 2020இல் யூடியூபில் 100 கோடிப் பார்வையைத் தாண்டியது. தனுஷும் நன்றாகத்தான் ஆடுகிறார், ஆனால் யார் கண் அவரிடம் நிற்கிறது? சாய் பல்லவி ஆடும்போது இடுப்புக்கு முன்னால் முகம் ஆடுகிறது. கால் எங்கே போகப்போகிறது என்பதைக் கண் முதலில் சொல்லிவிடுகிறது. முறையாக நடனம் கற்றவரும் இல்லை.

"நம்ம கோத்தகிரிப் புள்ளதானே" என்றார் அம்மாயி. அம்மாயியின் தங்கச்சி, மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறி, அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குத்தான் போனார். அதனால் கோத்தகிரியில் பிறந்த எல்லாரும் அம்மாயிக்குச் சொந்தம். சாய் பல்லவி நீலகிரிப் படுகர் இனம், அவங்க பாஷையே வேற, ஜார்ஜியாவில் டாக்டருக்குப் படித்தவர் என்றெல்லாம் விளக்கினேன்.

"குளிரு ஒன்னுதானடி" என்றார்.

சாய் பல்லவியின் எல்லாப் படத்தையும் தலையில் வைத்துக் கொண்டாட மாட்டேன். 'என்.ஜி.கே.'யில் அவர் கத்திய கத்தல் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. துடுக்குப் பெண் வேஷமும் சில தெலுங்குப் படங்களில் திரும்பத் திரும்ப வந்து சலித்தது. அதையெல்லாம் 2022இல் 'கார்கி' துடைத்துவிட்டது. அப்பா மேல் வந்த பழியைத் துடைக்க அலையும் டீச்சர். வியர்வையும் களைப்பும் அப்படியே முகத்தில். முடிவை இங்கே எழுத மாட்டேன், பார்க்காதவர்கள் பாருங்கள்.

டிசம்பர் 18, புதன்

பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பிள்ளை வந்தாள். பதினைந்து வயதிருக்கும். கன்னத்தில் குளிருக்கு வெடித்த கோடுகள், நெற்றியில் நாலு பரு. கசங்கிய நோட்டுகளை விரித்து, "அக்கா, வெள்ளையாகிற கிரீம்" என்றாள். கேட்டது 900 ரூபா டப்பி. கொழுந்து பறிக்கிறவர்களுக்கு ஒரு நாள் சம்பளமே 1,350 ரூபா.

முதலாளி உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக, "இது வேணாம் தங்கச்சி, எனக்கு எரிஞ்சுது" என்று என் கன்னத்துத் திட்டைக் காட்டினேன். சாய் பல்லவி தெரியுமா என்றும் கேட்டேன்.

"தெரியும். அவங்க எப்படியும் அழகுதானே அக்கா" என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதற்குள் அவள் படியிறங்கி, எதிர்க்கடைக்குள் போய்விட்டாள். அங்கே நிற்கும் பிள்ளை அலமாரியிலிருந்து ஒரு டப்பியை எடுத்தது இங்கிருந்தே தெரிந்தது.