கல் நனைந்தால் கிளம்பு

எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்து எட்டு வருடம் ஆகிவிட்டது. அதைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "முன்னாடியே சொன்னாங்க இல்ல, ஏன் கிளம்பல?" நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் தொண்டையில் ஏதோ அடைக்கிறது, பேச்சை மாற்றிவிடுகிறேன். அந்தப் பதிலை இங்கே ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலை ஆறு மணிக்கே எச்சரிக்கை வந்தது. ஃபோனில் வந்தது, ஒலிபெருக்கி கட்டிய வண்டியிலும் சொல்லிக்கொண்டு போனார்கள். நாங்கள் அதை அலட்சியப்படுத்தவில்லை. வாசலுக்குப் போய்ப் பார்த்தோம், தெருவில் தண்ணீர் இல்லை, எதிர் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் "நீங்க கிளம்புறீங்களா அக்கா?" என்று கேட்டேன். "நீ போனா ஒரு வார்த்தை சொல்லு, நாங்களும் வந்துடுறோம்" என்றார். எதிர் வீட்டுக்காரர் எங்கள் இரண்டு வீட்டையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், அது பிறகுதான் தெரிந்தது. மூன்று வீட்டிலும் வெளிச்சம் இருந்ததால் மூன்று வீட்டிலும் தைரியமாக இருந்தோம், அவ்வளவுதான் நடந்தது.

வீட்டுக்குள்ளும் அதே கதைதான். அத்தைக்கு முட்டி வலி, இருட்டில் அவரை எப்படி நடத்திக் கூட்டிப்போவது என்று கணவர் யோசித்தார். மகளுக்கு அப்போது ஆறு வயது, தூங்கிவிட்டாள். இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம் என்றேன். அந்த ஒரு மணி நேரத்தை நான் ஐந்து முறை சொன்னேன்.

முதல் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. பதினொன்றரை மணி வாக்கில் குளியலறையிலிருந்து ஒரு சத்தம், யாரோ வாயில் தண்ணீர் வைத்துக் கொப்பளிப்பது போல. விளக்கைப் போட்டுப் பார்த்தால் தண்ணீர் போகிற துளையிலிருந்து கறுப்பாகக் குமிழி விட்டுக்கொண்டு மேலே வருகிறது. வெளியே சாக்கடைக் குழாய்கள் நிரம்பிவிட்டால் தண்ணீர் திரும்பி வரும் முதல் வழி அதுதான். எங்களுக்கு அன்று அது தெரியாது, நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்த் தள்ளப் பார்த்தேன். அதற்குள் நடையில் என் பாதம் நனைந்தது.

அப்புறம் எல்லாம் சீக்கிரம் நடந்தது. கணவர் மெயின் சுவிட்சை அணைத்தார். பின்கதவு வழியாகப் போனால் மேட்டுக்குப் போய்விடலாம் என்று தள்ளினோம், கதவு அசையவில்லை. அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு. அரை மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் ஒரு சாதாரணக் கதவை அணைத்து நின்றால் நூறு கிலோவுக்கு மேல் அழுத்தம் விழும். பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்று இரவு அது கணக்காக இல்லை, யாரோ அந்தப் பக்கம் நின்றுகொண்டு எங்களை விடமாட்டேன் என்பது போல இருந்தது.

கடைசியில் மாடிப்படிதான் காப்பாற்றியது. அத்தையை நாற்காலியோடு தூக்கி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம், நான்கு பேரும் ஒரே பிளாஸ்டிக் விரிப்புக்குள் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். கீழே நடு இரவில் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. ஃபிரிட்ஜ் மிதந்து போய்ச் சுவரில் மோதிச் சாய்ந்த சத்தம் அது, காலையில்தான் பார்த்தோம்.

அன்றைக்குத் தெருவில் இறங்கி நடந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. வேகமாக ஓடுகிற தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய ஆளைச் சாய்த்துவிடும், 30 சென்டிமீட்டர் பல சிறிய கார்களை இழுத்துக்கொண்டு போய்விடும். கணுக்கால் அளவுதானே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வருகிறது.

தண்ணீர் வடிந்த பிறகுதான் நிஜமான வேலை ஆரம்பித்தது. சேறு, வாடை, இரண்டே நாளில் சுவரில் பூஞ்சை. அதெல்லாம் போகட்டும். என் மனசு ஆறாதது அம்மாவின் ஆல்பத்துக்காக. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து கட்டியாக இருந்தன. நான் அவசரப்பட்டு உரித்தேன், அம்மாவின் முகம் இன்னொரு படத்தின் முதுகோடு போய்விட்டது. நனைந்த படங்களைக் காயவிடாமல் சுத்தமான தண்ணீரில் போட்டு மெதுவாகப் பிரிக்க வேண்டும், உடனே நேரமில்லை என்றால் ஒரு பையில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடலாம். யாருக்காவது உதவும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். பேரிடர்களை ஆராயும் சமூகவியலாளர்கள் இதைப் பல காலமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். எச்சரிக்கை கேட்டதும் மனிதர்கள் ஓடுவதில்லை, பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார்கள், வீட்டு ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள், இன்னொரு இடத்தில் விசாரிக்கிறார்கள், அதற்கப்புறம்தான் கிளம்புகிறார்கள். இதைப் படித்த இரவு நான் அழுதேன். நாங்கள் அறிவில்லாமல் உட்கார்ந்திருக்கவில்லை, ஒருவரையொருவர் விட்டுப் போகக்கூடாது என்று காத்திருந்திருக்கிறோம். ஆனால் காத்திருந்தது காத்திருந்ததுதான், தண்ணீருக்கு அந்தக் காரணமெல்லாம் தெரியாது.

1985 நவம்பர் 13 அன்று கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. அன்று பிற்பகலிலேயே அர்மேரோ என்ற ஊரில் சாம்பல் விழுந்தது, அமைதியாக இருங்கள் என்றுதான் மக்களுக்குச் சொன்னார்கள். இரவு ஒன்பது மணி வாக்கில் எரிமலை பெரிதாக வெடித்து, உச்சியிலிருந்த பனி உருகிச் சேறாக இறங்கி ஊருக்குள் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேட்டுக்கு நடந்து போக அந்த நேரம் போதும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு என்னுடைய அந்த ஐந்து மணி நேரம்தான் ஞாபகம் வருகிறது.

இன்னொரு பக்கம் இந்தோனேசியாவில் சிமெலூ தீவு. 1907இல் அங்கே சுனாமி வந்து நிறையப் பேர் இறந்துபோனார்கள். தப்பித்தவர்கள் அதை மறக்கவிடவில்லை, பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பூமி பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் அது 'ஸ்மாங்' (அவர்கள் மொழியில் சுனாமி), உடனே மலைக்கு ஓடு. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கம் நடந்த இடத்துக்கு மிக அருகில் இருந்தது அந்தத் தீவு, சில நிமிடங்களிலேயே அலை வந்துவிட்டது. ஆனால் அதற்குள் அந்த ஒரு வார்த்தையைக் கத்திக்கொண்டு ஊரே மேட்டுக்கு ஓடியிருந்தது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் இறந்தவர்கள் ஏழு பேர் என்கிறார்கள். அங்கே யாரும் பக்கத்து வீட்டில் போய் "நீங்க கிளம்புறீங்களா?" என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, கேள்விக்கான பதில் நூறு வருடம் முன்பே முடிவாகியிருந்தது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் நாங்களும் ஒன்றை முடிவு செய்தோம். தெருவின் தாழ்ந்த முனையில் பாதி புதைந்த கல் ஒன்று இருக்கிறது. அங்கே தண்ணீர் வரும்போது எங்கள் வாசலும் மேட்டுக்குப் போகும் வழியும் காய்ந்துதான் இருக்கும். அந்தக் கல்லின் அடி நனைந்தால் கிளம்பிவிட வேண்டும், பேச்சே கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவிடமும் எதிர் வீட்டுக்காரரிடமும் சொல்லி மூன்று வீட்டுக்கும் இதே அடையாளம்தான் என்று வைத்துக்கொண்டோம். கதவுக்குப் பின்னால் ஒரு பை, அதில் சான்றிதழ்கள், அத்தையின் மருந்து, டார்ச்.

போன மழையில் இரவு பத்து மணிக்கு மகள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. "அம்மா, கல் நனைஞ்சிடுச்சு" என்றாள். கணவர் மெயின் சுவிட்சை அணைத்தார், அத்தை கைத்தடியை எடுத்துக்கொண்டு தானாகவே எழுந்தார். நான் அக்கா வீட்டுக் கதவைத் தட்டி அதே இரண்டு வார்த்தையைச் சொன்னேன். அவர் செருப்பு மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். கால் மணி நேரத்தில் மூன்று வீடும் இருட்டாகிவிட்டது, நாங்கள் எல்லோரும் மேட்டில் இருந்தோம்.

அன்று தண்ணீர் அந்தக் கல்லுக்கு மேல் ஏறவே இல்லை. காலையில் திரும்பி வந்து கதவைத் திறந்தால் தரை அப்படியே காய்ந்து கிடந்தது. மகள் நேராகக் குளியலறைக்குப் போய்க் குனிந்து துளையைப் பார்த்துவிட்டு வந்தாள், பையைப் பிரிக்காமல் அப்படியே கதவுக்குப் பின்னால் மாட்டினாள்.