சாட்சிகளைச் சராசரி எடுக்காமல் பெருக்கப் பழகியது

புதிய தகவல் வந்ததும் நிகழ்தகவை எப்படி மாற்றுவது என்று சொல்லும் பேயஸ் தேற்றத்தின் சூத்திரம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் இரண்டு தகவல்களைச் சேர்த்து மனக்கணக்காக ஒரு நிகழ்தகவு சொல்லச் சொன்னால் திணறுவேன். சாதக பாதக விகிதத்துக்கு, அதாவது ஒன்று உண்மையாக இருக்கும் வாய்ப்புக்கும் இல்லாமல் போகும் வாய்ப்புக்கும் உள்ள விகிதத்துக்கு, மாறிய பிறகுதான் வழிக்கு வந்தது.

தொடங்கியது உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் பிரபலமாக்கிய டாக்ஸிக் கணக்கில். நகரத்தில் 85% டாக்ஸிகள் பச்சை, 15% நீலம். இரவில் இடித்துவிட்டு ஓடியது நீலம் என்கிறார் ஒரு சாட்சி. அவர் சொல்வது 80% சரியாக இருக்கும். உண்மையிலேயே நீலமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? பலரும் உடனே சொல்லும் விடை 80%. விகிதமாகப் போட்டால், நீலத்துக்கும் பச்சைக்கும் முதலில் 15:85. சாட்சி சரியாகச் சொல்ல 80, தவறாகச் சொல்ல 20, ஆக 4 மடங்கு. இப்போது 60:85, அதாவது 145ல் 60, 41%. அவ்வளவுதான், பேப்பர்கூட வேண்டாம்.

அப்புறம் நண்பர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். இரண்டு நிறமும் சரிபாதி. 80% நம்பகமான ஒருவர் நீலம் என்கிறார், 60% நம்பகமான இன்னொருவரும் நீலம் என்கிறார். எனக்கு அதிகம் கிடைத்த பதில் 70. நியாயமாகத்தான் தோன்றுகிறது, இல்லையா? ஆனால் ஆதரவாக இன்னொருவர் பேசியதும் நம்பிக்கை குறைவது எந்த ஊர் நியாயம்! 4 மடங்கை 1.5 மடங்கால் பெருக்கினால் 6:1, கிட்டத்தட்ட 86%. மனிதர்களைப் பற்றி அபிப்பிராயம் உருவாகும்போது மனம் தகவல்களைக் கூட்டுவதைவிடச் சராசரி எடுக்கிறது என்று உளவியலாளர் நார்மன் ஆண்டர்சன் காட்டியது இங்கேயும் பொருந்துவதாகவே எனக்குப் படுகிறது.

உளவியலாளர் வார்ட் எட்வர்ட்ஸின் பை கணக்கையும் இப்படியே போட்டேன். ஒரு பையில் 70% சிவப்பு வில்லை, 30% நீலம், இன்னொன்றில் நேர்மாறாக. எது என்று தெரியாமல் எடுத்த ஒரு பையிலிருந்து, எடுத்ததைத் திரும்பப் போட்டபடி 12 முறை எடுத்ததில் 8 சிவப்பு, 4 நீலம். அது சிவப்பு அதிகமுள்ள பையாக இருக்கப் பலர் சொன்ன வாய்ப்பு 70–80%. ஒவ்வொரு நீலமும் ஒரு சிவப்பை அடித்துவிட, மிஞ்சுவது 4 சிவப்பு. 7/3ஐ நான்கு முறை பெருக்கினால் ஏறக்குறைய 30:1, அதாவது 97%.

எனக்கு நேரம் பிடித்தது பெருக்கலில் இல்லை, எப்போது பெருக்கலாம் என்பதில். டாக்ஸிக் கணக்கில் இன்னொரு 80% சாட்சி தனியாகப் பார்த்துச் சொன்னால் 240:85, அதாவது 74%. முதல் சாட்சி சொன்னதைக் கேட்டுத் திருப்பிச் சொன்னால் அவருக்கு 1 மடங்குதான், 41% அப்படியே நிற்கும். இருவரும் ஒரே இருட்டில், ஒரே மூலையிலிருந்து பார்த்திருந்தால்? அங்கே ஒரே எண்ணாகச் சொல்வதை விட்டுவிட்டேன். 41க்கும் 74க்கும் நடுவில் என்று எழுதிவிட்டு, அவர்கள் எங்கே நின்றார்கள் என்று விசாரிக்கிறேன்.