வீராணக் கரையில் ஒரு பழைய நிலப்படம்

இலங்கையின் வன்னியில் நான் பிறந்த பக்கத்தில் வயலுக்கு நீர் தரும் தேக்கம் எதுவாயினும் அதன் பெயர் குளம்தான். கனகராயன் ஆற்றை மறித்து நிற்கும் இரணைமடு, கட்டின் மேல் ஏறி நின்றால் மறுகரை மங்கலாகத் தெரியும் அளவுக்குப் பெரியது. அதையும் குளம் என்றே சொல்லி வளர்ந்தோம். 1990-இல் பெற்றோருடன் படகேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமிலும் பிறகு வேறு ஊர்களிலுமாக வளர்ந்து படித்து, 2006-இல் திருமணமாகி, கடலூர் மாவட்டத்து லால்பேட்டைக்கு அருகே ஒரு சிற்றூருக்கு வந்தேன். வந்த மறுநாள், வீட்டுக்கு எதிரே வானத்தின் பாதியை மறைத்து நின்ற மண்கரையைக் காட்டி, “இது என்ன குளம்?” என்று கேட்டேன். “குளம் கோயிலுக்குப் பக்கத்துல இருக்கு அண்ணி. இது ஏரி” என்றாள் நாத்தனார். அன்று அறிமுகமான வீராணத்தை முழுமையாக விளங்கிக்கொள்ள எனக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

மொழி ஒன்றாக இருக்கும் நாட்டில் குடியேறுவது எளிது என்று பலர் நினைக்கிறார்கள். பேச்சில் எனக்குத் தடை இருக்கவில்லை. ஆனால் நீரைப் பற்றிய சொற்கள் அனைத்தும் வேறாக இருந்தன. வயலுக்கு நீர் திறந்துவிடும் வாயிலை நாங்கள் துருசு என்போம். இங்கே மதகு என்றார்கள். குளம் நிறைந்து மிகுநீர் வெளியேறுவதை நாங்கள் வான் பாய்கிறது என்போம். இங்கே கலிங்கு ஓடுகிறது என்றார்கள். காலபோகம், சிறுபோகம் என்ற நெற்பருவங்கள் இருந்த இடத்தில் குறுவையும் சம்பாவும் தாளடியும் இருந்தன. சொற்களை ஓராண்டில் கற்றுக்கொண்டேன். எந்த நீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. பிறந்த ஊரில் அது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியாக இருந்ததில்லை. மாடு ஓட்டிக்கொண்டும் குளிக்கப் போய்க்கொண்டும் காலால் அறிந்திருந்தோம்.

2015 நவம்பர் மழையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இடுப்பளவு நீர் நின்றது. நனைந்த இரும்புப் பெட்டியைக் காலி செய்தபோது, பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமனார் மெழுகுத் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு சுருள் கிடைத்தது. துணியில் ஒட்டிய, மடிப்புகளில் பழுப்பேறிய நில அளவைத் துறைப் படம். நாடு விடுதலை பெறுவதற்கு முன் அச்சானது. ஓர் அங்குலம் ஒரு மைல் என்ற அளவு. நீர் நீல நிறத்திலும் பாதைகள் சிவப்பிலும், ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்திலும் இருந்தன. “பழங்காகிதம்மா, எறவாணத்துல சொருவி வை, காயட்டும்” என்றார் மாமா. நான் அதைக் கட்டிலில் விரித்து நான்கு மூலைகளிலும் செம்பை வைத்தேன். அன்று இரவு நெடுநேரம் அதன் அருகிலேயே இருந்தேன்.

முதலில் வியப்பளித்தது அந்தப் படத்தில் இல்லாத ஒன்று. மலைநாட்டுப் படங்களில் நெருங்கிச் சுழலும் உயரக் கோடுகளை இதில் ஏறக்குறையக் காணவில்லை. ஐம்பது அடிக்கு ஒரு கோடு என்பது அந்தப் படங்களின் கணக்கு. ஏரியிலிருந்து கடல் வரை நிலம் மொத்தமாக இறங்குவதே அந்த ஐம்பது அடிக்குள்தான். இந்தச் சமவெளியை அளந்தவர்களுக்கு ஏறி நின்று பார்க்கக் குன்று கிடைக்கவில்லை. கோயில் கோபுரங்களையே அளவை நிலையங்களாகக் கொண்டார்கள். 1808-இல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டனின் குழு தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் தங்கள் பெரிய கோணமானியை ஏற்றும்போது அது மோதிச் சேதமடைந்தது நில அளவை வரலாற்றில் பதிவான நிகழ்ச்சி. கோபுரத்தைத் தவிர உயரமே இல்லாத நிலத்தில், ஓரடி ஏற்றத்தாழ்வுதான் எந்த வயலுக்கு நீர் பாயும், எந்தத் தெருவில் நீர் தேங்கும் என்பதை முடிவு செய்கிறது.

செய்தித்தாள்கள் ஒவ்வோர் ஆண்டும் ஏரியின் முழு அளவு 47.5 அடி என்று எழுதும். நான் அதை ஆழம் என்றே நம்பி, பிள்ளைகளைக் கரைப் பக்கம் விடாமல் இருந்தேன். படத்தில் கரையோர ஊர்களுக்கு அருகே குறித்திருந்த தரைமட்ட உயரங்கள் நாற்பதை ஒட்டிய எண்களாக இருந்தபோதுதான், 47.5 என்பது கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட நீர்மட்டம் என்பது புரிந்தது. கணக்கும் அதையே சொன்னது. ஏரியின் நீளம் பதினான்கு கிலோமீட்டர்; சராசரி அகலத்தை இரண்டரை கிலோமீட்டர் என்று வைத்தால் பரப்பு முப்பத்தைந்து சதுர கிலோமீட்டர்; கொள்ளளவோ 1,465 மில்லியன் கன அடி. வகுத்துப் பார்த்தால் சராசரி ஆழம் நான்கு அடிக்குள் அடங்குகிறது. பரந்து விரிந்து, ஆழமில்லாமல், கிழக்கே ஒரு நீண்ட கரையைச் சார்ந்து நிற்கும் நீர் இது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் வெட்டுவித்துத் தந்தையின் பட்டப்பெயரால் வீரநாராயணன் ஏரி என்று பெயரிட்டான் என்கிறார்கள். உயரக் கோடே விழாத தட்டை நிலத்தில் எந்த இடத்தில் கரை எழுப்பினால் நீர் நிற்கும் என்பதைக் கண்டவர்களின் நுட்பத்தை அந்தப் படத்தின் முன்னால்தான் முழுமையாக உணர்ந்தேன்.

மறுநாள் மாமாவும் வந்து உட்கார்ந்தார். கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையில் விரலை வைத்து, அங்கே பிரியும் வடவாற்றின் நீலக் கோட்டை ஏரி வரை இழுத்துக் காட்டினார். மேட்டூரில் சூன் மாதம் திறக்கும் நீர் கல்லணையைக் கடந்து, கொள்ளிடத்தில் இறங்கி, கீழணையில் முறை வாங்கி, வடவாற்றின் வழியே கடைமடையான எங்களிடம் வந்து சேரும் வழி அது. மேற்கே அரியலூர்ப் பக்கத்து மேட்டிலிருந்து மழைநீரையும் வண்டலையும் சேர்த்துக் கொண்டுவரும் செங்கால் ஓடையையும் கருவாட்டு ஓடையையும் காட்டினார். 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் கொண்டுபோகும் குழாய் அந்தப் படத்தில் இருக்க வழியில்லை. அதற்கு முந்தைய திட்டத்துக்கென்று வாங்கிப் பல்லாண்டு சாலையோரம் கிடந்த பெருங்குழாய்களைப் பற்றி மாமா சொன்னபோது அவர் குரலில் இருந்த வருத்தத்தை நான் மறக்கவில்லை.

பிறகு எங்கள் ஊரைத் தேடினோம். பத்துப் பன்னிரண்டு கருப்புப் புள்ளிகளாக வீடுகள், ஒரு கோயில், ஒரு கிணறு. அவற்றுக்குத் தெற்கே, இன்று எங்கள் வீடு இருக்கும் இடத்தை உரசிக்கொண்டு, மெல்லிய நீலக்கோடு ஒன்று போயிற்று. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். “எங்க அப்பா காலத்துல இங்க ஒரு வடிவாய்க்கால் இருந்துச்சும்மா. தூந்துபோயி நான் சின்னப் பையனா இருக்கையிலேயே பாதையாயிடுச்சு.” கொல்லையில் நின்ற நீர் வழி தவறி வந்ததன்று, தன் பழைய வழியில்தான் வந்திருந்தது. அடுத்த கோடையில், கொல்லையோடு முடிந்திருந்த மதில் சுவரில் இரண்டு இடங்களில் திறப்பு விட்டு, பின்பக்கத்து வாய்க்கால் வரை பள்ளம் எடுத்தோம். அதன்பின் அங்கே நீர் ஒரு பகலுக்கு மேல் நிற்பதில்லை.

அந்தப் படத்தின் பெருங்குறை பெயர்கள். வடவாறு அதில் ‘வடவார்’ ஆகியிருந்தது. கிளை வாய்க்கால்களுக்கோ பெயரே இல்லை. மாமாவுக்குப் பெயர்கள் தெரியும். எந்த வாய்க்கால் எந்த மதகில் பிறந்து எத்தனை ஊர் கடந்து முடிகிறது என்ற முழு வடிவத்தை அவர் அதற்கு முன் ஒரே பார்வையில் கண்டதில்லை. நான் ஊடுருவித் தெரியும் தாளில் நீலக்கோடுகளை மட்டும் பிரதி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கரை வழியே போனோம். இராதா மதகு, கந்தகுமாரன் மதகு என்று அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினேன். ஏரிக்கு எழுபத்து நான்கு மதகுகள் இருந்தன என்பதும், அதை எண்ணியே இராமானுசர் சிம்மாசனாதிபதிகள் எனப்படும் எழுபத்து நான்கு வைணவ குருமார்களை அமர்த்தினார் என்பதும், வைணவ ஆசாரியர்களான நாதமுனிகளும் ஆளவந்தாரும் பிறந்த இந்தக் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் வழங்கும் மரபுரை. எங்கள் தாளில் இதுவரை ஏறியவை அதில் பாதிகூட இல்லை. பெயர் தெரியாத மதகுக்கு அங்கே வயலில் நிற்பவரைக் கேட்போம். மருமகளின் பேச்சு வேறு மாதிரி இருக்கிறதே என்று சிலர் விசாரித்தார்கள். பிறகு இரணைமடுவில் எத்தனை துருசு என்று அவர்களே கேட்கத் தொடங்கினார்கள்.

மேற்குப் பக்கத்தில், நீர் ஏறி இறங்கும் விளிம்பைப் படம் உறுதியான கோடாகக் காட்டவில்லை. அந்தப் பகுதியை எங்கள் ஊரில் அலைகரை என்போம் என்றேன். மாமா அந்தச் சொல்லை இருமுறை சொல்லிப் பார்த்தார். “காத்தடிச்சா அலை அங்கதான போயி மோதுது, சரியான பேருதான்” என்றார். அதன்பின் தாளில் எழுதும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். லால்பேட்டை அருகே மிகுநீர் வெள்ளியங்கால் ஓடையில் இறங்கும் இடத்தில், நடுங்கும் கையால், ‘கலிங்கு (வான்)’ என்று எழுதியிருக்கிறார்.